கம்பெனிக் காசுகள்: நம் வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் வரலாறு

 

முன்னோர் விட்டுச் சென்ற இரும்புப் பெட்டிகளைத் திறந்தால், பழைய பத்திரங்களுக்கும் நிக்காஹ் ஓலைகளுக்கும் நடுவே கைக்குட்டையில் முடிந்து வைத்த சில காசுகளேனும் கிடைக்காத இல்லம் நம் பகுதியில் குறைவு. ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய், சிங்கம் போட்ட செம்புத் துட்டு, நடுவில் ஓட்டை விழுந்த காலணா எனப் பலவகையாக அவை இருக்கும். “இதற்கு இன்று என்ன விலை கிடைக்கும்?” என்ற கேள்வியே பெரும்பாலும் முதலில் எழுகிறது. “இது யார் அடித்தது? எந்த ஆண்டில் அடித்தது? நம் ஊருக்கு எப்படி வந்தது?” என்ற கேள்விகள் எழுவதில்லை. முதற்கேள்வியை மட்டும் கேட்பவர் ஏமாறுகிறார். மற்றக் கேள்விகளையும் கேட்பவர் தம் ஊரின் வரலாற்றை அறிகிறார். அந்த அறிவைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் மண்ணும் மாறிய ஆட்சிகளும்

ஓசூரிலிருந்து மாலூர் செல்லும் சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ள நமது பாகலூர், பாளையக்காரர்களின் ஆட்சியைக் கண்ட பழமையான ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும் இப்பகுதி, ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோர் காலத்தில் மைசூர் அரசின் பகுதியாக விளங்கிற்று. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் சென்றது. மலைக்கு மேற்புறம் உள்ள ஓசூர்ப் பகுதியோ 1799 மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் ஷஹீதான பின்னரே கம்பெனியிடம் போயிற்று. ஆகவே, ஏழே ஆண்டு இடைவெளியில் இரு வேறு அரசுகளின் எல்லை நம் மாவட்டத்தின் குறுக்கே ஓடியிருக்கிறது. ஒரே பெட்டியில் திப்புவின் யானைக் காசும் கம்பெனியின் சிங்கக் காசும் சேர்ந்து கிடைப்பதன் காரணம் இதுவே.

திப்புவின் நாணயங்கள் தனி அழகும் தனி இலக்கணமும் உடையவை. பொற்காசுகளுக்கு அஹ்மதி, சித்தீக்கி, பாரூக்கி என்றும், வெள்ளி ரூபாய்க்கு இமாமி என்றும் அவர் பெயர் சூட்டினார். செப்புக் காசுகளில் யானை நடைபோடும். தம் ஆட்சியின் பிற்பகுதியில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பை அடிப்படையாகக் கொண்ட மவ்லூதி ஆண்டுக் கணக்கை அவர் புகுத்தினார். அக்காசுகளில் ஆண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருக்கும். 1216 என்பதை இடமிருந்து வாசிப்பவருக்கு 6121 என்று தோன்றும். இந்நுட்பம் அறியாமல் “ஆண்டே தவறாக உள்ளது, போலிக் காசு” என ஒதுக்குவோர் உண்டு. சென்னை அருங்காட்சியகம் 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட, ஹெண்டர்சன் என்பார் எழுதிய நூல், ஹைதர், திப்பு நாணயங்களைப் பயில்வோருக்கு இன்றும் அடிப்படை நூலாக உள்ளது.

பாரசீகம் பேசிய ஆங்கிலக் காசு

ஆங்கிலேயர் வந்தவுடன் ஆங்கில எழுத்தில் காசு அடித்தனர் என்று எண்ணுவது பிழை. மக்கள் நம்பி வாங்கும் காசே செல்லும். அந்நாளில் மக்கள் நம்பியது மொகலாயப் பேரரசரின் பெயரை. ஆகவே கம்பெனியார், 1742ஆம் ஆண்டில் நவாபின் இசைவு பெற்று, ஆற்காட்டு ரூபாயைத் தம் சென்னை நாணயச் சாலையிலேயே அச்சிட்டனர். அதில் பொறிக்கப்பட்டவை முழுவதும் பாரசீக எழுத்துக்களே.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது, காசில் “ஆலம்கீர்” என்று கண்டவுடன் அது அவ்ரங்கசீப் பாதுஷாவின் காசு என்று பலர் மகிழ்ந்துவிடுகின்றனர். அவ்ரங்கசீப் 1707ஆம் ஆண்டில் மறைந்தார். ஆற்காட்டு ரூபாயில் உள்ள பெயர் 1754 முதல் 1759 வரை டில்லியில் ஆண்ட இரண்டாம் ஆலம்கீருடையது. இரண்டாவது, அதில் காணும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டில் நூற்றுக்கு மூன்று வீதம் கழித்து 622ஐக் கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு கிடைக்கும். அவ்வாறு கணக்கிட்டால் 1759 வருகிறது. எனினும் அக்காசு அந்த ஆண்டில் அடித்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆலம்கீர் மறைந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும், 1807ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூட, அதே பெயரையும் அதே ஆண்டையும் இட்டே கம்பெனியார் ரூபாய் அச்சிட்டு வந்தனர். மக்களுக்குப் பழகிய முகத்தை மாற்ற அவர்கள் துணியவில்லை.

அக்காலக் கணக்கு முறையை அறிந்தால்தான் காசின் பெயர் விளங்கும். ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன். அதாவது ஒரு ரூபாய்க்கு 12 பணம், 960 காசு. நட்சத்திர வராகன் எனப்பட்ட பொற்காசே சென்னை மாகாணத்தின் அடிப்படை நாணயமாக விளங்கியது. 1818ஆம் ஆண்டில்தான் அவ்விடம் வெள்ளி ரூபாய்க்குக் கிடைத்தது. 1807ஐ ஒட்டி வெளியான இரட்டைப் பணம், கால் வராகன், அரை வராகன் ஆகிய வெள்ளிக் காசுகளில் ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு எழுத்துக்களும் இடம்பெற்றன. இத்தனை மொழி தெரிந்தவர் நடமாடிய சந்தைக்கு ஏற்ற காசுகள் அவை. ஆனால் நூறு ஆண்டு கழித்து, 1907ஆம் ஆண்டில் வந்த, விளிம்பு வளைந்த நிக்கல் ஓரணாவில் உருது, நாகரி, வங்காளம், தெலுங்கு ஆகிய எழுத்துக்கள் இருந்தன, தமிழ் இல்லை.

கடலில் மூழ்கிய நம் காசு

செம்புக் காசுகளின் கதை இன்னும் வியப்பானது. சென்னை மாகாணத்துக்கான செம்புக் காசுகளைக் கம்பெனியார் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலிருந்து வரவழைத்தனர். அங்கே மேத்யூ போல்ட்டன் என்பவர், நீராவிப் பொறி வல்லுநரான ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளியாக இருந்து, நீராவியால் இயங்கும் சோஹோ நாணயச் சாலையை நடத்தினார். 1803, 1808 ஆகிய ஆண்டுகள் பொறித்த இருபது காசு, பத்துக் காசு ஆகியவை அங்கு உருவானவை. ஒருபுறம் சிங்கங்கள் தாங்கிய கம்பெனியின் சின்னமும், மன்னரும் நாடாளுமன்றமும் அளித்த ஆதரவைக் குறிக்கும் இலத்தீன் வாசகமும் இருக்கும். மறுபுறம் “பீஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த்” என்ற பாரசீக வாசகம்: இருபது காசு நான்கு ஃபுலூஸ் ஆகும் என்பது அதன் பொருள். மதரஸாவில் அரபு எழுத்தைக் கற்று, வீட்டில் உருது பேசும் நம் பிள்ளைகள், சிறிது பழகினால் இவ்வாசகத்தைத் தாமே எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவர். பல்கலைக்கழகம் சென்று கற்க வேண்டிய ஒன்றின் திறவுகோல் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது.

1809 ஜனவரியில், இக்காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னையை நோக்கிப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல், இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. அதில் ஏறத்தாழ 48 டன் செம்புக் காசுகள் இருந்தன. 1980களில் அக்கப்பலின் இடம் கண்டறியப்பட்டு, பெருந்தொகையான காசுகள் மீட்கப்பட்டன. நீரில் நேரடியாகப் பட்ட காசுகள் அரிக்கப்பட்டிருந்தன. பீப்பாயின் நடுவே இறுகிக் கிடந்தவையோ, நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சிலிருந்து வந்த நாளின் பொலிவோடு வெளிவந்தன. ஓசூர்ச் சந்தையிலும் கிருஷ்ணகிரிச் சந்தையிலும் புழங்கியிருக்க வேண்டிய காசுகள், இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்களிடம் உள்ளன. அத்தகைய 1808 காசு ஒன்று பளபளப்பாகக் கிடைத்தால், அது நம் மண்ணில் புழங்கியதன்று, கடலில் உறங்கியது என்று கருத இடமுண்டு.

இதே காலத்தில் அண்டை மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் வெளியிட்ட காசுகளிலும் கன்னடத்தோடு ஆங்கிலத்தில் ‘இருபது காசு’ என்ற மதிப்பு உண்டு. எல்லையோர ஊர்களான நமக்கு இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் பயிற்சி தேவை. யானையும் கன்னட எழுத்தும் இருந்தால் மைசூர்; கம்பெனிச் சின்னமும் பாரசீக வாசகமும் இருந்தால் சென்னை.

ரூபாயும் ஜகாத்தும்

1835ஆம் ஆண்டில் கம்பெனி ஆட்சி முழுமைக்கும் ஒரே ரூபாய் வந்தது. நான்காம் வில்லியம் மன்னரின் தலை ஒருபுறம்; மறுபுறம் ஆங்கிலத்தோடு “யக் ரூபியா” எனப் பாரசீகம். எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஒரு தோலா என்ற நிறையும் 180 கிரெயின்தான். இந்தியாவின் உலமாப் பெருமக்கள் பலர், ஜகாத் கடமையாகும் வெள்ளியின் அளவை ஐம்பத்திரண்டரைத் தோலா என்று குறித்தனர். இன்றைய கணக்கில் அது 612.36 கிராம். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நம் பாட்டனார், தராசு ஏதுமின்றி, ஐம்பத்திரண்டு ரூபாயும் ஓர் அரை ரூபாயும் எண்ணி வைத்தாலே நிஸாபின் நிறை அவர் கண்முன் வந்துவிடும். ரூபாய் அவருக்கு நாணயமாக மட்டுமின்றி எடைக்கல்லாகவும் இருந்தது.

இன்று அந்த வெள்ளி ரூபாய்கள் செலாவணியில் இல்லை. விக்டோரியா ரூபாய்கள் 1941 மார்ச் 31க்குப் பிறகும், ஏழாம் எட்வர்டு ரூபாய்கள் 1942 மே 31க்குப் பிறகும், பழைய தரத்திலான ஜார்ஜ் மன்னர் ரூபாய்கள் 1943 மே 31க்குப் பிறகும் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் அவற்றிலுள்ள வெள்ளி வெள்ளியே. பெட்டியில் உறங்கும் ரூபாய்களை ஜகாத் கணக்கில் சேர்ப்பது பற்றி உலமாக்களை அணுகித் தெளிவு பெறுவது நம் கடமை. அதற்கும் காசை அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் 1940இல் வெளியான ரூபாயில் வெள்ளி பாதியளவே; 1947ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே இல்லை, அது முழு நிக்கல்.

விக்டோரியா ரூபாயில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. 1862 என்ற ஆண்டு பொறித்த ரூபாய்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து அச்சாயின. காசிலுள்ள சிறு புள்ளிகளின் எண்ணிக்கையாலேயே அவற்றை வேறுபடுத்துவர். 1877 முதல் ‘ராணி’ என்ற பட்டம் ‘பேரரசி’ என மாறியது. 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் கதை நம் சமுதாயத்தோடு தொடர்புடையது. மன்னரின் அங்கியில் பொறிக்கப்பட்ட சிறு யானையின் உருவம் பன்றியைப் போல் தோன்றியதால் முஸ்லிம்கள் அக்காசை ஏற்க மறுத்தனர். அரசு அதனைத் திரும்பப் பெற்று, அச்சானவற்றில் பெரும்பகுதியை உருக்கியது. 1912இல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும் வண்ணம் திருத்திய ரூபாய் வந்தது. ஆகவேதான் 1911ஆம் ஆண்டு ரூபாய்க்குச் சேகரிப்பாளரிடையே தனி மதிப்பு.

காசைக் காப்பது எப்படி?

பழங்காசு கையில் கிடைத்தவுடன் புளியிட்டும் சாம்பலிட்டும் எலுமிச்சை பிழிந்தும் துலக்குவது நம் இல்லங்களில் வழக்கமாக உள்ளது. பித்தளைச் செம்புக்கு இது பொருந்தும். வரலாற்றுக் காசுக்குப் பொருந்தாது. இருநூறு ஆண்டுகளாகக் காசின்மேல் படிந்துள்ள கரும்பழுப்பு நிறமே அதன் காப்புக் கவசமும் வயதுச் சான்றும் ஆகும். புளியின் அமிலம் அதைத் தின்பதோடு எழுத்தின் விளிம்பையும் தின்றுவிடும். பளபளக்கும் காசுக்கு அறிந்தவர் தரும் மதிப்பு பாதிக்கும் குறைவு.

செய்யத்தக்கவை சில உண்டு. மண் படிந்த காசை வாலை நீரில் பல நாட்கள் ஊறவிட்டு, நீரை அவ்வப்போது மாற்ற வேண்டும். இளகிய மண்ணை மென்மையான தூரிகையாலோ மூங்கில் குச்சியாலோ நீக்கலாம். ஊசியும் இரும்புக் கம்பியும் கூடாது. இறுகிய களிம்புள்ள செம்புக் காசை ஜைத்தூன் எண்ணெயில் சில வாரங்கள் ஊறவைப்பதும் உண்டு. எனினும் அது நிறத்தைச் சற்று இருட்டாக்கும் என்பதை அறிந்தே செய்ய வேண்டும். துடைத்த பின் முழுவதும் உலர்த்துவது இன்றியமையாதது.

செம்புக் காசில் கெட்டியாகப் படிந்த பச்சைக் களிம்பு அச்சத்துக்கு உரியதன்று. ஆனால் தொட்டால் பொடியாக உதிரும் வெளிர்பச்சைத் தூள் காசின் நோய். உப்பும் ஈரமும் செம்போடு சேர்ந்து உள்ளிருந்தே அரிக்கும் அந்நோய், ஈரம் உள்ளவரை நிற்காது. அத்தகைய காசை உடனே பிரித்து வைத்து, அருங்காட்சியகத்தாரின் அறிவுரையைப் பெறுவதே நலம். கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் உள்ளது என்பதை நினைவூட்டுகிறோம். பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளில் காசு வைத்தால் நாளடைவில் பச்சைப் பிசின் படியும். அமிலமற்ற காகித உறையே ஏற்றது. காசைப் பிடிக்கும்போது முகத்தில் விரல் படாமல் விளிம்பைப் பிடிக்க வேண்டும்.

மாலையில் கோப்பதற்காகக் காது வைத்துப் பற்றிய தழும்பு சில ரூபாய்களில் இருக்கும். சராபுகள் தரம் சோதித்து இட்ட முத்திரைக் குழிகள் சிலவற்றில் இருக்கும். இவை சந்தை விலையைக் குறைக்கலாம். ஆயினும் அவற்றை நிரப்பி மறைத்தல் தகாது. ஒரு தாய் அணிந்த நகையின் தடமும் ஒரு வணிகரின் கை பட்ட தடமும் அவை.

அரிசி இழுக்கும் காசு என்னும் ஏமாற்று

இக்கட்டுரையின் மிக முக்கியமான செய்திக்கு வருகிறோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய செம்புக் காசுக்கு அரிசியைத் தன்பால் இழுக்கும் ஆற்றல் உண்டு, அதில் இரிடியம் உள்ளது, வெளிநாட்டார் கோடிக்கணக்கில் விலை தருவர் என்று கூறிப் பணம் பறிக்கும் கும்பல்கள் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் பல்லாண்டுகளாக உலவுகின்றன. இரு மாநில எல்லையில் வாழும் நாம் கூடுதலாக விழிப்புடன் இருத்தல் வேண்டும். ‘சோதனைக் கட்டணம்’, ‘விஞ்ஞானி வருகைச் செலவு’ என்று முன்பணம் கேட்பதே இவர்களின் வழி.

செம்பு அரிசியை இழுக்காது. எந்த உலோகமும் இழுக்காது. காசுக்குள் காந்தத்தை மறைத்து, அரிசியில் இரும்புத் துகளைப் பூசிக் காட்டும் கண்கட்டு வித்தை அது. அவர்கள் காட்டும் காசுகளே தம் பொய்யைச் சொல்லிவிடும். 1616, 1717, 1818 என்ற ஆண்டுகளும், ‘அரை அணா’, ‘ஓரணா’ என்ற மதிப்பும், தெய்வ உருவங்களும் அவற்றில் இருக்கும். கம்பெனி தொடங்கியதே 1600இன் இறுதி நாளில். சென்னையில் அதற்கு இடம் கிடைத்தது 1639இல். 1616இல் அது எங்கே அணாக் காசு அடித்திருக்கும்? 1818இல் நம் மாகாணத்தின் செம்புக் காசுகளுக்குக் ‘காசு’ என்றே மதிப்புப் பெயர். கம்பெனி ஆட்சி முழுமைக்குமான அரையணாச் செப்புக் காசு 1835க்கு உரியது. ஆக, வரலாறு அறிந்தவரை இக்கும்பல் ஏமாற்ற இயலாது. மேலும், ஓர் உலோகத் துண்டு செல்வத்தை இழுத்துத் தரும் என்று நம்புவது, ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே என்னும் நம் ஈமானுக்கே ஊறு விளைவிப்பதாகும்.

நேர்மையும் இங்கே சோதிக்கப்படுகிறது. அச்சு வார்ப்புக் காசைப் பழங்காசென்று விற்பதும், அறியாத ஏழையிடம் அரிய காசை அற்ப விலைக்குப் பறிப்பதும், அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் மார்க்கத்தினருக்கு அழகன்று. நகைக்கடைத் தராசில் எடை பார்ப்பதும், காந்தம் வைத்துப் பார்ப்பதும், விளிம்பில் வார்ப்புக் கோடு உள்ளதா எனப் பூதக்கண்ணாடியால் நோக்குவதும் எளிய சோதனைகள்.

புதையலும் சட்டமும்

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது முதல் நம் சுற்றுவட்டாரத்தில் தோண்டப்படும் அஸ்திவாரங்களுக்குக் கணக்கில்லை. மண்ணுக்குள்ளிருந்து காசுக் கலயம் வெளிப்படுவது நடக்கக் கூடியதே. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த நாணயங்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொன்பொருட்கள். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். முற்காலப் புதையலில் ஐந்தில் ஒரு பங்கு பொதுவுக்குரியது என்று நபி (ஸல்) அவர்கள் விதித்துள்ளதையும் நாம் அறிவோம். கண்டெடுத்த பொருள் முழுவதும் கண்டெடுத்தவனுக்கே என்ற கருத்து நம் மார்க்கத்திலும் இல்லை, நாட்டின் சட்டத்திலும் இல்லை.

நமது வேண்டுகோள்

மன்னர்களின் வரலாறு நூல்களில் உள்ளது. நம் ஊர் எளிய மக்களின் வரலாறோ பழைய பத்திரங்களிலும், ரூபாய், அணா, பைசா எனப் பத்தி பிரித்து எழுதிய கணக்கேடுகளிலும், இக்காசுகளிலும்தான் உள்ளது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி என்ற கணக்கு 1957 ஏப்ரல் முதல் நாள் புதிய பைசா முறைக்கு மாறிற்று. அதனை அறிந்த பெரியவர்கள் இன்று மிகச் சிலரே நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு, எந்தக் காசு எவ்வாறு குடும்பத்துக்கு வந்தது என்பதைக் காகிதத்தில் குறித்து, காசோடு சேர்த்து வைக்குமாறு ஜமாஅத்தார் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம். விற்பதற்கு முன் ஒருமுறை வாசியுங்கள். துலக்குவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். மதரஸாப் பிள்ளைகளிடம் அக்காசைக் கொடுத்து, எழுத்துக் கூட்டி வாசிக்கச் செய்யுங்கள்.

பொருளின் மீது பேராசையின்றி அதன் வரலாற்றை அறியும் அறிவையும், கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும், நம் சந்ததியினருக்குக் கல்வியின் மீது நாட்டத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.